விழித்துக்கொண்டே விழுங்கியவர்கள்

மனிதன் தூக்கத்தில் வருஷத்துக்கு எட்டுச் சிலந்திகளை விழுங்குகிறான் என்று ஒரு தகவல் 1990களிலிருந்து உலகம் பூராவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் மின்னஞ்சலில் போனது. பிறகு பத்திரிகைத் துணுக்கானது. இப்போது வாட்ஸ்அப்பில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டுக்கொண்டு, காலை வணக்கத்துக்கும் ரோஜாப்பூவுக்கும் நடுவில் வந்து சேருகிறது. சிலர் நாலு என்பார்கள், சிலர் ஏழு என்பார்கள். நிலைத்து நின்றது எட்டுதான்.

அந்த எண்ணில்தான் எல்லாச் சாமர்த்தியமும். 'சில சிலந்திகள்' என்று சொல்லியிருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். நூறு என்றால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். எட்டு என்றவுடன், யாரோ ஒரு விஞ்ஞானி வருஷம் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, டார்ச் அடித்து, நோட்டில் கோடு போட்டு எண்ணியிருக்கிறார் என்று தோன்றிவிடுகிறது. அப்படி ஒரு விஞ்ஞானியும் இல்லை, நாற்காலியும் இல்லை.

சும்மா கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக ஜனத்தொகை 800 கோடி. தலைக்கு எட்டு என்றால் வருஷத்துக்கு 6,400 கோடிச் சிலந்திகள். ஒரு ராத்திரிக்கு 17 கோடிக்கு மேல். இத்தனை பேர் தினமும் முன்பின் தெரியாத வாய்களுக்குள் நடந்து போய் உயிரை விடுகிறார்கள், சிலந்தி வம்சத்தில் ஒருவர்கூட 'அந்தப் பக்கம் போகாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவில்லை என்று நாம் நம்பவேண்டும்.

அதற்காக மனிதன் சிலந்தியே விழுங்கியதில்லை என்று சொல்லிவிட முடியாது. விழுங்கியிருக்கிறான், பல நூற்றாண்டுகளாக. ஆனால் தூக்கத்தில் அல்ல. முழு விழிப்பில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சில சமயம் வெண்ணெய் தடவிக்கூட விழுங்கியிருக்கிறான். அந்தப் பெரிய மனிதர்களின் வீரத்தை மறந்துவிட்டு, குறட்டை விடுகிறவர்களுக்குப் பட்டம் கொடுப்பது அநியாயம்.

கிண்ணத்தில் விழுந்த விருந்தாளி

பட்டியலில் முதல் ஆள் ஒரு பிஷப். பத்தாம் நூற்றாண்டு. ஜெர்மனியின் தென்கோடியில் ஏரிக்கரை ஊரான கோன்ஸ்டான்ஸில் 934 முதல் 975 வரை ஆயராக இருந்தவர் கொன்ராட். ஈஸ்டர் திருப்பலி நடக்கிறது. திராட்சை ரசத்தை அர்ச்சித்தாயிற்று. அருந்த வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு சிலந்தி இறங்கிவந்து கிண்ணத்துக்குள் விழுந்தது.

கொன்ராடின் சங்கடத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய ஐரோப்பாவில் சிலந்தி என்றால் கொடிய விஷம்; விழுங்கினால் சாவு நிச்சயம் என்று படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். அதே சமயம், அர்ச்சித்த ரசம் இனி வெறும் ரசமல்ல, ஆண்டவரின் ரத்தம். கீழே கொட்ட முடியாது. விரலை விட்டு எடுத்து, உதறிவிட்டு, 'மன்னிக்கணும், எங்கே விட்டேன்?' என்று தொடர முடியாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. மனிதர் மடமடவென்று குடித்துவிட்டார், சிலந்தியையும் சேர்த்து. பூசை முடிந்த பிறகு அந்தச் சிலந்தி அவர் வாயிலிருந்து உயிரோடு வெளியே வந்தது என்கிறது கதை. 1123-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஓவியங்களில் அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: கையில் கிண்ணம், கிண்ணத்தில் சிலந்தி.

இதே அனுபவம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நோர்பர்ட் என்பவருக்கும் நேர்ந்தது. 1120-இல் பிரான்ஸின் ப்ரெமோன்த்ரே பள்ளத்தாக்கில் ஒரு துறவறச் சபையைத் தொடங்கியவர். அவர் கிண்ணத்தில் விழுந்தது பெரிய சைஸ் சிலந்தி. அவரும் குடித்தார். குடித்துவிட்டு, வாழ்க்கை முடிந்தது என்று மண்டியிட்டுச் சாவுக்காகக் காத்திருந்தார். சாவு வரவில்லை. மூக்கு அரித்தது. ஒரு தும்மல் போட்டார். சிலந்தி மூக்கு வழியாக வெளியே வந்து விழுந்தது. உள்ளே போன வழி ஒன்று, வெளியே வந்த வழி இன்னொன்று. இரண்டு பேருக்கும் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும்: புனிதர்கள் விழுங்கினார்கள், ஆனால் சிலந்திக்குத்தான் தங்க இஷ்டமில்லை.

இப்படி எல்லாக் குருக்களையும் அற்புதத்தை நம்பி விட்டுவிட முடியாதல்லவா? நிர்வாகம் தலையிட்டது. 1570-இல் போப் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட ரோமன் திருப்பலிப் புத்தகத்தில், பூசையில் நேரக்கூடிய கோளாறுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. நம் ஊர் அரசாணை எழுதுகிறவர்கள் காலில் விழுந்து கும்பிட வேண்டிய உரைநடை அது. ஈயோ சிலந்தியோ வேறெதுவோ அர்ச்சிப்புக்கு முன்னால் விழுந்தால், ரசத்தைத் தகுந்த இடத்தில் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக்கொள்ளவும். அர்ச்சிப்புக்குப் பின்னால் விழுந்து, குருவுக்குக் குமட்டினால், அதை வெளியே எடுத்து, ரசத்தால் கழுவி, பூசை முடிந்ததும் எரித்து, சாம்பலையும் கழுவிய ரசத்தையும் அதற்கென்று உள்ள புனிதத் தொட்டியில் போடவும். குருவுக்குக் குமட்டலும் இல்லை, ஆபத்து என்ற பயமும் இல்லை என்றால், அப்படியே உட்கொள்ளவும்.

கவனிக்க வேண்டியது, இந்த விதியில் எட்டு என்ற உச்சவரம்பு எதுவும் இல்லை.

மருந்தும் அதுவே, விஷமும் அதுவே

மதத்திலிருந்து மருத்துவத்துக்கு வருவோம். இங்கிலாந்து இந்த விஷயத்தில் உலகத்துக்கே முன்னோடி. கென்ட், எஸ்ஸெக்ஸ் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் அந்தக் காலத்தில் நடுக்கத்தோடு வரும் முறைக்காய்ச்சல் சாதாரணம். இன்று மலேரியா என்கிறோம். அதற்குப் பாட்டி வைத்தியம் இரண்டு வகை. வெளிப்பிரயோகம்: ஒரு சிலந்தியைப் பிடித்துக் கொட்டை ஓட்டுக்குள் அடைத்துக் கழுத்தில் தொங்கவிடுவது. சிலந்தி சாகச் சாகக் காய்ச்சலும் சாகும். உள்பிரயோகம்: உயிருள்ள சிலந்தியை வெண்ணெயில் புரட்டி அப்படியே விழுங்குவது. வெண்ணெய் எதற்கென்றால், வழுக்கிக்கொண்டு இறங்க. சிலந்திக்கு யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் படிக்காத ஜனங்களின் வேலை என்று நினைத்தால் தப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் 1683-இல் திறந்த ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குத் தன் சேகரிப்பையெல்லாம் கொடுத்த எலியாஸ் ஆஷ்மோல் சாதாரண ஆளா? ராயல் சொசைட்டியின் ஆரம்ப கால உறுப்பினர். 1681-இல் அவருக்குக் காய்ச்சல். காலையில் எழுந்து, நல்ல டோஸாக ஒரு கஷாயத்தைக் குடித்தார், கூடவே மூன்று சிலந்திகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். காய்ச்சல் ஓடிவிட்டது. நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி எழுதினார். சிலந்திகளுக்கும் புகழ் சேர்ந்தது. குடித்த கஷாயத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் மூச்சுவிடவில்லை. சைடு டிஷ் பேர் வாங்கிக்கொண்டு போவது அன்றும் உண்டு.

மெதடிஸ்ட் சபையை நிறுவிய ஜான் வெஸ்லி கொஞ்சம் மென்மையானவர். 1747-இல் அவர் வெளியிட்ட 'ப்ரிமிடிவ் பிசிக்' என்ற வீட்டு வைத்தியப் புத்தகத்தில் சிலந்தியை விட்டுவிட்டு அதன் வலையை மட்டும் எடுத்துக்கொண்டார். நூலாம்படையை நடுத்தர அளவில் ஆறு மாத்திரையாக உருட்டவும். குளிர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, அடுத்த தடவைக்கு முன்னால் இரண்டு, அதற்கும் அடங்காவிட்டால் மீதி மூன்று. இந்த முறையில் வைத்தியம் பார்த்தவர்கள் வீட்டு ஒட்டடை எவ்வளவு பளிச்சென்று அடிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி டாக்டர் தாமஸ் மஃபெட். 1604-இல் இறந்தார். பூச்சிகளைப் பற்றி அவர் லத்தீனில் எழுதிவைத்த பெரிய புத்தகம் இறந்து 30 வருஷம் கழித்து 1634-இல்தான் அச்சானது. சிலந்தியின் அழகையும் குணத்தையும் மனிதர் உருகி உருகி எழுதியிருக்கிறார். கல்யாணத் தரகர்கூடப் பெண்ணைப் பற்றி அவ்வளவு சொல்ல மாட்டார். மிஸ் மஃபெட் என்ற சிறுமி சிலந்தியைப் பார்த்து ஓடுவதாக ஆங்கிலத்தில் ஒரு குழந்தைப் பாட்டு உண்டே, அந்தச் சிறுமி இவர் மகள்தான் என்று ஒரு பேச்சு உண்டு. பாட்டு முதலில் அச்சானது 1805-இல். டாக்டர் போய்ச் சேர்ந்து 200 வருஷம் கழித்து. ஓடின பெண் ரொம்ப தூரம் ஓடியிருக்கிறாள்.

இப்போதுதான் வேடிக்கை. இதே இங்கிலாந்தில், இதே காலத்தில், சிலந்தி கொலைக்கும் உதவியது. 1613-இல் லண்டன் டவர் சிறையில் சர் தாமஸ் ஓவர்பரி செத்துப்போனார். தன் நண்பர் ராபர்ட் கார் ஒரு சீமாட்டியைக் கல்யாணம் செய்துகொள்வதை அவர் எதிர்த்தார். சீமாட்டி அவரை எதிர்த்தாள். ஃபிரான்சஸ் ஹோவார்ட் என்ற அந்தப் பெண்மணிக்காக வாங்கப்பட்டதாக இரண்டு வருஷம் கழித்து நடந்த விசாரணையில் ஒரு விஷப் பட்டியல் வெளிவந்தது. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், வைரப்பொடி, கூடவே பெரிய சிலந்திகள். உடந்தையாக இருந்த நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். சீமாட்டிக்கும், அதற்குள் அவள் கணவராகிவிட்ட காருக்கும் ராஜா மன்னிப்புக் கொடுத்தார். சிலந்திகள் மேல் வழக்கு இல்லை.

ஆக, காய்ச்சல்காரன் விழுங்கினால் மருந்து, கைதி விழுங்கினால் விஷம். ஒரே சிலந்தி எப்படி இரண்டு வேலை பார்த்தது? அதற்கும் அன்றைக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகம் 1611-இல் லண்டன் குளோப் அரங்கில் நடந்தது. அதில் சந்தேகப் பிராணியான ராஜா லியோன்டிஸ் ஊர் அறிந்த சங்கதியாக இதைச் சொல்கிறான்: கோப்பையில் சிலந்தி கிடப்பது தெரியாமல் குடித்தவனுக்கு ஒன்றும் ஆகாது, குடித்துவிட்டு யாராவது காட்டி, கண்ணால் பார்த்தால்தான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். விஷம் சிலந்தியில் இல்லை, தகவலில் இருக்கிறது. எட்டுச் சிலந்திக் கணக்கு பிறப்பதற்கு ஏறக்குறைய 400 வருஷம் முன்னாலேயே, அது எப்படி வேலை செய்யும் என்று ஒருத்தர் எழுதி மேடையும் ஏற்றிவிட்டார்.

பாவம், இத்தனை சிலந்திகளை விழுங்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்து மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். காய்ச்சலைக் கொண்டுவந்தது கொசு. கொசுவைத் தின்பது சிலந்தி. கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கரையில் எவார்கா குலிசிவோரா என்ற குட்டிச் சிலந்தி, ரத்தம் குடித்து வயிறு வீங்கிய அனாஃபிலிஸ் கொசுவாகப் பார்த்துப் பொறுக்கித் தின்கிறது. சிலந்தி காய்ச்சலுக்கு மருந்துதான், சந்தேகமே இல்லை. சுவரில் விட்டிருக்க வேண்டும். வாயில் போட்டுக்கொண்டார்கள்.

ருசி கண்டவர்கள்

பக்திக்கும் மருந்துக்கும் விழுங்கியது போதும் என்று ருசிக்காகவே தின்றவர்கள் தனி ரகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூச்சியியல் புத்தகம் எழுதிய ஆங்கிலேயர்கள் கிர்பியும் ஸ்பென்ஸும் இவர்களுக்காக ஒரு சின்ன ஜாபிதாவே போட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் உலாவும்போது கண்ணில் பட்ட சிலந்தியை அங்கேயே பிடித்து அங்கேயே தின்ற பிரெஞ்சு இளம்பெண் ஒருத்தி. ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதில் சிலந்தி தடவிச் சாப்பிட்ட ஜெர்மன்காரர் ஒருவர். அதற்கடுத்து வருகிறார் அன்னா மரியா ஃபான் ஷூர்மன்.

இவர் லேசுப்பட்டவர் அல்ல. 1636-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்ட முதல் பெண். ஆண் மாணவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார். பன்மொழி வித்தகி, ஓவியர். சிலந்தியைக் கொட்டைப் பருப்பாகக் கொறிப்பார் என்று சொல்வார்கள். ஏன் அம்மா என்று கேட்டால், நான் விருச்சிக ராசியில் பிறந்தவள் என்று பதில் சொன்னாராம். நவம்பர் 5 அவர் பிறந்தநாள், ஐரோப்பியக் கணக்கில் விருச்சிகம்தான். ராசிபலன் மேல் பழியைப் போட்டுவிட்டால் பேராசிரியர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. திரைக்குப் பின்னால் என்ன நொறுக்குத்தீனி ஓடியது என்பதை ஆண் மாணவர்கள் பார்க்காதது அவர்கள் அதிர்ஷ்டம்.

இந்த வரிசைக்கே மகுடம் ஜெரோம் லலாந்து. 1732-இல் பிறந்த பிரெஞ்சு வானியலாளர், பாரீஸ் வான் ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். எட்டுக்கால் பூச்சியைக் கண்டு ஜனங்கள் அலறுவது வெறும் மூடத்தனம் என்று நிரூபிக்க அவர் கண்டுபிடித்த வழி, எல்லார் முன்னாலும் அதைத் தின்று காட்டுவது. மிட்டாய் டப்பாவில் சிலந்தி வைத்துக்கொண்டு திரிவார் என்றும், ஹேசல்நட் ருசி என்று சான்றிதழ் கொடுப்பார் என்றும் சொல்கிறார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நேர்ந்த பெரிய வீட்டுப் பெண்களின் முகத்தை யாராவது வரைந்துவைத்திருக்கலாம்.

இதே லலாந்து 1773-இல் ஒரு கட்டுரை எழுதினார். பூமிக்குப் பக்கத்தில் வரக்கூடிய வால்நட்சத்திரங்களைப் பற்றியது. அப்படி ஒன்று மிக நெருங்கினால் கடல் பொங்கலாம் என்பது அதில் ஒரு சங்கதி. ஏப்ரல் மாத அறிவியல் அகாதெமிக் கூட்டத்தில் வாசிக்க இருந்தார். நேரம் போதவில்லை, வாசிக்கவில்லை. அவ்வளவுதான். வாசிக்காத கட்டுரையைக் கேட்டதாகப் பாரீஸ் முழுக்க ஆட்கள் கிளம்பினார்கள். வால்நட்சத்திரம் வருகிறது, மே மாதம் பூமியில் இடிக்கிறது, தேதிகூடக் குறித்தாயிற்று, அரசாங்கம்தான் மறைக்கிறது. ஜனங்கள் கலங்கிப்போனார்கள். லலாந்து விளக்கம் கொடுத்தார். கொடுக்கக் கொடுக்கச் சந்தேகம் அதிகமாயிற்று. எழுத்தாளர் வால்டேர் இதைக் கிண்டல் செய்து ஒரு கடிதமே வெளியிட்டார். குறித்த நாள் வந்தது, போனது. வால்நட்சத்திரத்துக்கு வேறு வேலை இருந்திருக்கிறது.

இதில் யார் சாமர்த்தியசாலி என்று நீங்களே சொல்லுங்கள். வானியலாளர் தின்றது ஒரு நிஜச் சிலந்தி; பார்த்து, மென்று, ருசியும் சொன்னார். ஊர் விழுங்கியதோ வராத வால்நட்சத்திரத்தை, முழுசாக, மெல்லாமல்.

இன்றைக்கும் கம்போடியாவில் ஸ்கூன் என்ற ஊருக்குப் போனால் சாலையோரத்தில் தட்டுத்தட்டாகப் பொரித்த டரான்டுலாச் சிலந்தி விற்கிறார்கள். பூண்டும் உப்பும் சர்க்கரையும் போட்டு மொறுமொறுவென்று பொரித்தது. பஸ்ஸை நிறுத்தி வாங்கிக்கொண்டு போகிறார்கள். தூங்கிக்கொண்டே விழுங்குகிறவர்கள் அங்கேயும் இல்லை. காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கத்தில் யார் தின்பார்கள்?

சிலந்தியின் தரப்பு

எல்லாம் மனிதர் பக்கமே பேசியாயிற்று. சிலந்தியின் வாக்குமூலத்தையும் எடுப்போம்.

நம் வீடுகளில் ராத்திரி விளக்குப் போட்டால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காலைப் பரப்பி ஒரு பழுப்புச் சிலந்தி அசையாமல் நிற்கும். கரப்பான் வேட்டைக்கு வந்த ஆசாமி. பெண்ணாக இருந்தால் சில சமயம் வயிற்றுக்கடியில் தட்டையாக, வெளுப்பாக ஒரு வில்லையை இடுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே முட்டைகள். நாம் செருப்பைத் தேடுவதற்குள் அது பீரோவுக்குப் பின்னால் போய்விடும். நாம் காலைத் தூக்கிய அதிர்வு அதற்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும். கால்களில் உள்ள மெல்லிய முடிகள் காற்று அசைவதையும், கால்களில் உள்ள நுண்ணிய பிளவுகள் தரை அதிர்வதையும் அதற்குச் சொல்லிவிடுகின்றன.

இப்போது அதன் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். எதிரில் கட்டில். கட்டிலில் உங்களைவிடப் பல ஆயிரம் மடங்கு எடையுள்ள ஒரு பிராணி. உள்ளே இதயம் திம் திம் என்று அடிக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. வாய் திறந்திருக்கிறது, திறந்த வாயென்றால் அநேகமாகக் குறட்டையும் உண்டு. அதிலிருந்து சூடாக, ஈரமாக, ராத்திரி சாப்பிட்ட பூண்டுக் குழம்போடு காற்று அடிக்கிறது. இரையும் இல்லை, வலை கட்டத் தோதான மூலையும் இல்லை. அதற்குள் எதற்காகப் போகவேண்டும்? வலைச் சிலந்தியோ தன் வலையை விட்டு நகர்வதே அபூர்வம். 2014-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் இந்த விஷயத்தைச் சிலந்தி நிபுணர்களிடம் கேட்டது. தூங்குகிற மனிதனின் அதிர்வே சிலந்திக்கு அபாய அறிவிப்பு என்றார்கள். சியாட்டில் பர்க் அருங்காட்சியகத்தின் சிலந்திப் பொறுப்பாளர் ராட் க்ராஃபோர்டைப் பொறுத்தவரை, ஒரு சிலந்தியைத் தூக்கத்தில் விழுங்கவே நடக்கவொண்ணாத தற்செயல்கள் வரிசையாக நடக்கவேண்டும். எட்டுக்கு எங்கே போவது?

சிலந்தி ஒரு பிராணியின் சுவாசப் பாதைக்குள் நிஜமாகவே புகுந்த கதை ஒன்று நம்மிடமும் உண்டு. திருவானைக்கா. லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி பந்தல் கட்ட, யானை அதைக் குப்பையென்று அழித்துக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்த சிலந்தி ஒருநாள் துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. இரண்டும் செத்தன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை ஏறமுடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது என்கிறது புராணம். முன்ஜென்மப் பகையைக் கட்டடக்கலையில் தீர்த்துக்கொண்ட ஒரே அரசர் அவராகத்தான் இருப்பார். ஆனால் அங்கேகூடச் சிலந்தி தெரியாத்தனமாக நடந்து போகவில்லை. காரணத்தோடு, கோபத்தோடு, முடிவெடுத்துத்தான் போனது. யானையும் விழித்துத்தான் இருந்தது.

யார் யாரை விழுங்குகிறார்கள் என்ற கணக்கே வேண்டுமென்றால் ஒழுங்கான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. உலகத்துச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன என்று 2017-இல் இரண்டு விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். பெரும்பகுதி பூச்சிகள். அந்தப் பட்டியலிலும் நாம் இல்லை.

எட்டைப் பெற்ற மகராசி

அப்படியானால் இந்த எட்டு எங்கேயிருந்து வந்தது?

இதற்கும் அழகான பதில் ஒன்று உண்டு. புரளிகளைப் பிரித்து மேய்வதற்கென்றே 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்னோப்ஸ்' தளம் அதைச் சொன்னது. 1993-இல் லிசா பிர்ஜிட் ஹோல்ஸ்ட் என்ற பெண் எழுத்தாளர் 'பிசி ப்ரொஃபெஷனல்' என்ற இதழில் ஒரு பத்தி எழுதினாராம். மின்னஞ்சலில் எது வந்தாலும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள் என்று காட்டுவதற்காக, வாய்க்கு வந்த பொய்த் தகவல்களைப் பட்டியல் போட்டாராம். அதில் ஒன்று, எட்டுச் சிலந்தி. அதையும் அவர் 1954-இல் லூசி கிளாஸன் எழுதிய பூச்சி நாட்டுப்புறக் கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தாராம். எதையும் நம்பாதீர்கள் என்று சொல்ல எழுதிய பொய்யையே உலகம் நம்பிவிட்டது. என்ன பொருத்தம்!

இந்தப் பொருத்தத்தில் பத்திரிகைகள் மயங்கின. சிலந்திப் புரளியை உடைத்த கட்டுரைகள் வரிசையாக லிசா ஹோல்ஸ்டைச் சாட்சிக்கு அழைத்தன. நம்பினவர்களைப் பார்த்து நம்பாதவர்கள் சிரித்தார்கள். லூசி கிளாஸன் நிஜமான ஆள், புத்தகமும் நிஜம். பொய்யில் ஒரு துளி நிஜத்தைப் பிரை குத்தினால் நன்றாகத் தோயும்.

பிறகு சிலர் அந்தப் பத்தியைத் தேடினார்கள். யார் கண்ணிலும் படவில்லை. லிசா ஹோல்ஸ்ட் வேறு எதுவும் எழுதியதாகவும் தெரியவில்லை. கடைசியில் வேலையில்லாத ஒரு மூளை அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, பதினைந்து எழுத்துகளையும் கலைத்து அடுக்கிப் பார்த்தது. 'திஸ் இஸ் எ பிக் ட்ரோல்' என்று வந்தது. ஒரு எழுத்துகூட மிச்சமில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. இது பெரிய ட்ரோல், அதாவது, உங்களைச் சீண்டி வேடிக்கை பார்க்கிறோம்.

ஸ்னோப்ஸுக்கு இந்தக் குறும்பு புதிதல்ல. அதே தளத்தில் வேண்டுமென்றே எழுதிய பொய்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. கலிஃபோர்னியா கொடியில் கரடி வந்தது பேரிக்காயின் எழுத்துப்பிழையால் என்பார்கள். பழைய டிவி தொடரில் பேசும் குதிரையாக நடித்தது நிஜத்தில் ஒரு வரிக்குதிரை என்பார்கள். எங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள் என்று சொல்வதற்காகச் செய்தது அது. அந்தப் பகுதியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினாலும் 'ட்ரோல்' என்றுதான் வரும்.

ஆக, எட்டு என்ற எண்ணுக்குப் பெற்ற தாய் இல்லை. தத்தெடுத்த தாயும் கற்பனை. முதல் பந்தியில் சாமான்யர்கள் சிலந்தியை விழுங்கினார்கள். இரண்டாம் பந்தியில் விவரமானவர்கள் லிசா ஹோல்ஸ்டை விழுங்கினார்கள். இரண்டு பந்தியிலும் யாருக்கும் தூக்கம் இல்லை. எல்லாரும் கணினி முன்னால் முழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிஷப் கொன்ராடுக்குத் தான் விழுங்குவது என்னவென்று தெரியும். ஷூர்மனுக்கு ஏன் விழுங்குகிறோம் என்று தெரியும், ராசி. லலாந்துக்கு ருசியே தெரியும். நமக்கு அனுப்புகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

அதனால் ராத்திரி தாராளமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குங்கள். சிலந்தி வராது, வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரின் முழங்கைதான் வரும், அது குறட்டைக்கு. பகலில் யாராவது வந்து "வருஷத்துக்கு எட்டு, தெரியுமா?" என்று ஆரம்பித்தால் சண்டைக்குப் போகாதீர்கள். 'வெண்ணெய் தடவியா, தடவாமலா?' என்று மட்டும் கேளுங்கள்.